பாதியில் நின்ற வேலை

நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர், சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை மாலை என்னிடம் வந்தார். ‘‘சாமி, ஒரு காரியத்தில் எனக்கு மனம் செல்லவில்லை. என்ன செய்தால் மனம் வரும்?’’ என்று கேட்டார். குடும்பத் தகராறோ, கடன் தொல்லையோ என்று நினைத்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. காரியம் ஒரு பழைய மோட்டார் வண்டியைப் பற்றியது. அவர் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

வண்டி, 1966ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம் இளைஞர்கள் பலர் இந்தப் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை, சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் செய்தார்கள். 948 சி.சி. எஞ்சின். பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அடியில் தனியாகச் சேஸிஸ். அதன்மேல் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். ஆகையால் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் அதைச் சுலபமாகப் பிரித்துவிடலாம். பூட்டுவதுதான் பிரயாசை.

நம் நண்பரும் அவருடைய தகப்பனாரும் ஏழு வருஷத்துக்கு முன் அதைப் பிரித்தார்கள். குடும்பத்தையே வேளாங்கண்ணிக்கு ஏற்றிச் சென்ற வண்டி. மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று கிழவருக்கு ஆசை. நான்கு மாதத்தில் முடிப்பதாகத் திட்டம். இரண்டாம் மாதம் தகப்பனார் இறந்துபோனார். அன்று மூடிய ஸ்பானர் பெட்டி மூடியபடியே இருந்தது. கொட்டகையில் வண்டி, வண்டியின்மேல் தார்ப்பாய், தார்ப்பாயின்மேல் கோழிகள்.

‘‘பணம் இல்லையா?’’ என்று கேட்டேன்.

‘‘ஓரளவு இருக்கிறது, சாமி.’’

‘‘சாமான் கிடைக்கவில்லையா?’’

‘‘அலைந்து தேடினால் கிடைக்கும்.’’

‘‘வேலை தெரியாதா?’’

‘‘ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான். ஆனால் கொட்டகைக் கதவைத் திறந்தாலே கை சோர்ந்துபோகிறது. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். அது சரிதான் போலிருக்கிறது.’’

காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவுவரை உழைக்கிறவர் இவர். இவரையா சோம்பேறி என்பது?

இங்கே ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். ஆரம்பித்த வேலை மூன்று விதமாக நின்றுபோகலாம். நோயாலோ வறுமையாலோ நின்றுபோனால் அதில் குற்றமில்லை. ‘இது என் சக்திக்கு மீறியது’ என்று யோசித்துத் தீர்மானித்து நிறுத்தினால், அது விவேகம். ஆனால் முடிக்கவும் இல்லை, விடவும் இல்லை, ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று வருஷங்கள் போகின்றன என்றால், அதுவே நம் விஷயம். கைவிடுவது வேறு, கை நழுவவிடுவது வேறு. முன்னதில் ஒரு தீர்மானம் உண்டு. பின்னதில் அது இல்லை.

தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அவற்றில் கடைசியாக வருவது சோம்பல். அதை வெறும் உடற்சோம்பல் என்றே எண்ணிக்கொள்கிறோம். நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்னும் துறவி அதை நடுப்பகலில் வரும் பேய் என்று விவரித்தார். அது காலையில் வருவதில்லை, மாலையில் வருவதில்லை. பொழுது நகராததுபோல் தோன்றும் உச்சிவேளையில், இருக்கும் இடத்தின்மேலும் கைவேலையின்மேலும் வெறுப்பை மூட்டும். ஆரம்பத்தின் உற்சாகம் தீர்ந்து, முடிவும் கண்ணுக்குத் தெரியாத அந்த நடுவேளை, எந்த வேலைக்கும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இன்னும் ஆழமாகச் சென்று, இந்தச் சோம்பலைத் துக்கத்தின் ஒரு வகையாகவே வகுத்தார்.

இதை நினைத்துக்கொண்டு நண்பரிடம், ‘‘வண்டி தயாரானால் முதலில் யாரை உட்காரவைத்து ஓட்டுவீர்கள்?’’ என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘‘அப்பாவைத்தான் உட்காரவைப்பதாகச் சொல்லியிருந்தேன்’’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘‘அவரோடு நான் செய்த கடைசி வேலை அது. முடித்துவிட்டால் அதுவும் முடிந்துபோகும்’’ என்றார்.

துக்கத்தைச் சோம்பல் என்று பெயரிட்டு ஏழு வருஷமாக அவரையும் திட்டி, அவரும் தம்மைத் திட்டிக்கொண்டிருந்தார்! திட்டினால் துக்கம் தீருமா?

ஆனால் துக்கத்துக்காக வேலையை நிறுத்திவைத்தால், அது நிறுத்திய இடத்திலேயே காத்திருப்பதில்லை. இதை மோட்டார் வண்டியே நன்றாகக் கற்பிக்கிறது. டாங்கியில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். ரப்பர் ஹோஸ் வெடிக்கும். பிஸ்டன் துருவால் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். பால்மாவு டின்னில் போட்டுவைத்த போல்ட்டுகளில் எது எங்கே சேரும் என்ற ஞாபகமும் தேயும். அப்பாவின் நினைவாக வைத்திருக்கிறோம் என்று எண்ணியது, அப்பாவின் வண்டியைத் துருவுக்குக் கொடுத்ததாக முடியும்.

ஜெர்மனியிலுள்ள கொலோன் பேராலயத்தைக் கட்ட 1248இல் ஆரம்பித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றுவிட்டது. பாதிக் கோபுரத்தின் உச்சியில் பாரந்தூக்கி ஒன்று நூற்றாண்டுக்கணக்காக அப்படியே நின்றது. 1842இல் மறுபடி தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்த பழைய வரைபடத்தைப் பின்பற்றி, 1880இல் முடித்தார்கள். முடித்தவர்கள் ஆரம்பித்தவர்களுக்குத் துரோகம் செய்தார்களா? இல்லை, அவர்கள் போட்ட கோட்டின்மேலேயே கல்லை அடுக்கினார்கள். இறந்தவரோடு ஆரம்பித்த வேலையை முடிப்பது அவரைப் பிரிவதல்ல. அவருடைய கையை நம் கையில் வாங்கிக்கொள்வது.

சரி, மனம் எப்படி வரும்? நண்பரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மனம் வரட்டும் என்று காத்திராதீர்கள். கை முன்னே போனால் மனம் பின்னே வரும். ‘வண்டியைச் சரிசெய்ய வேண்டும்’ என்று எண்ணினால் மலைப்புத் தட்டும். ‘இன்று கார்புரேட்டரைக் கழுவ வேண்டும்’ என்று எண்ணுங்கள். ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய வேலையாக எடுத்து, அதை முடித்துவிட்டே எழுந்திருங்கள். தனியாகச் செய்யாதீர்கள். துக்கத்துக்குத் தனிமை தீனி. ஒருவர் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தாலும் போதும்.

‘‘அப்படிச் செய்தும் முடியாவிட்டால்?’’ என்று நீங்கள் கேட்கலாம். அப்போது, முடிக்கக்கூடிய ஒருவரிடம் அதை மனதாரக் கொடுத்துவிடுங்கள். அதிலும் அவமானமில்லை. அதுவும் ஒரு முடிவே.

நண்பர் சனிக்கிழமைதோறும் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினார். பதினான்கு வயது மகன் டின்களுக்குச் சீட்டு ஒட்டினான். முதல் வாரம் கார்புரேட்டர். பிறகு பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். மூன்றாம் வாரம் நானும் போயிருந்தேன். பையன் ஸ்பானர் போட்டு மெல்ல அசைத்தான், அசையவில்லை. மறுபடி அசைத்தான். ஏழு வருஷமாக நின்ற எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றியது. பெட்ரோலுமில்லை, சத்தமுமில்லை, ஆனாலும் தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை நான் மறக்கமாட்டேன். வண்டி இன்னும் ரோட்டுக்கு வரவில்லை. பிரேக் வேலை பாக்கியிருக்கிறது. ஆனால் கோழிகளுக்கு வேறு இடம் பார்த்தாகிவிட்டது.

விடைபெறும்போது நண்பர், ‘‘சாமி, உங்கள் அறையில் துருத்தி கிழிந்த ஆர்மோனியம் ஒன்று மூன்று வருஷமாகப் பிரித்தபடி கிடக்கிறதே!’’ என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும். பாதி தைத்த சட்டையோ, பாதி எழுதிய கடிதமோ, பாதி பேசி நின்ற சமாதானமோ, எதுவானாலும் சரி. இந்த வாரம் அதற்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். நான் வியாழக்கிழமை மாலை ஆர்மோனியத்தை எடுக்கிறேன். விளக்குப் பிடிக்க அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.