படிக்காத எழுத்துக்கு யார் பொறுப்பு?

கீழக்கரைக் கடைத்தெருவில் ஒரு தாய் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "ஆறு மாசப் பிள்ளைக்கு நல்லதாப் பாத்து ஒண்ணு குடுங்க, பாய்" என்கிறாள். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்துத் தருகிறார். முன்புறத்தில் பெரிய எழுத்து. பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து, அதுவும் ஆங்கிலம். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பிள்ளைக்கு ஆகாதது ஏதேனும் அதில் இருந்தால் குற்றம் யாருடையது?

இது வீண் கேள்வியன்று. 2024 ஏப்ரலில், சுவிட்சர்லாந்திலுள்ள பப்ளிக் ஐ என்னும் அமைப்பு, நெஸ்லே கம்பெனி பல தேசங்களில் விற்கும் செரலாக் மாவை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்றவற்றில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்த்திருந்தார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஆறு மாதப் பிள்ளைகளுக்கு விற்ற கோதுமை மாவிலோ சர்க்கரை சேர்க்கவில்லை. தாங்கள் இந்நாட்டுச் சட்டப்படியே நடப்பதாகவும், சர்க்கரையைக் குறைத்து வருவதாகவும் கம்பெனியார் பதில் சொன்னார்கள். அதே ஆண்டில் சுத்திகரித்த சர்க்கரை சேராத வகைகளையும் இங்கே அறிவித்தார்கள். சட்டம் மீறப்படவில்லை என்றே இருக்கட்டும். ஒரு தேசத்துப் பிள்ளைக்கு வேண்டாதது மற்றொரு தேசத்துப் பிள்ளைக்கு எப்படி வேண்டியதாயிற்று? இதற்குச் சட்டம் மறுமொழி சொல்லாது.

ஆனால் கம்பெனிக்காரரைக் குறை சொல்லி முடித்துவிட்டால் நம் பங்கு தீர்ந்துவிடுமா?

முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை குற்றமாகாது. அறிய வேண்டியதை அசட்டையால் அறியாதிருப்பதோ குற்றமே என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் பிரித்துக் காட்டுகிறார். டப்பாவின் மேல் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது நம் நாட்டு விதி, தமிழ் கட்டாயமில்லை. ஆகவே தமிழ் மட்டும் படித்த அந்தத் தாய் முதல் வகையைச் சேர்ந்தவள். அவளைக் குற்றவாளியாக்க நமக்கு மனம் வரக் கூடாது. ஆயின் அவள் வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருக்கிறதே? துபாயிலிருந்து டப்பா டப்பாவாக அனுப்பிவைக்கும் தகப்பனார், அங்கே கடையில் அரை நிமிஷம் திருப்பிப் பார்த்தாரா?

பார்க்கத் தெரிந்தால் கஷ்டமில்லை. கலந்த பொருள்களை எடையில் கூடியது முதலாகவும் குறைந்தது கடைசியாகவும் எழுத வேண்டும் என்பது சட்டம். எனவே முதல் மூன்று பெயர்களே பெரும்பாலும் கதையைச் சொல்லிவிடும். சர்க்கரை மாறுவேஷத்திலும் வரும்: சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப். (நம் இராமநாதபுரத்துக் கருப்பட்டியும் சர்க்கரைதான். சொந்த ஊர்ச் சரக்கென்பதால் சலுகை காட்ட வேண்டாம்!) மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று விற்கும் உணவில் சர்க்கரையே சேர்க்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2022-இல் வரையறுத்தது.

எழுத்தே இல்லாத பண்டங்களும் உண்டு. பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி என்னும் சாயம் இருப்பது கண்டு, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும், அதன்பின் தமிழ்நாடும் அதன் விற்பனைக்குத் தடை விதித்தன. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை கைநீட்டி அழும்போது எந்தத் தாயால் அந்தச் சாயத்தைக் கண்டுபிடிக்க முடியும்? அங்கே பரிசோதனைச் சாலைதான் நமக்காகப் படிக்க வேண்டும். அதைச் செய்யும்படி அரசாங்கத்தைக் கேட்பது நம் உரிமை. டப்பாவுக்கு அந்தச் சாக்கு செல்லாது; அங்கே எழுத்து இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

மறுபடியும் அந்தக் கடைக்கே போவோம். அத்தாயின் பின்னால் நம் வாலிபன் ஒருவன் நிற்கிறான், கல்லூரியில் படித்தவன். அடுத்தவர் காரியத்தில் தலையிடுவதா என்று கூசுகிறான். பிறகு, "அக்கா, அந்த டப்பாவை இப்படிக் குடுங்க" என்று வாங்கித் திருப்புகிறான்.

"என்ன தம்பி போட்டிருக்கு?" என்கிறாள் அவள்.