கடுமையும் நீதியும் ஒன்றுதானா?



ஒரு கொலையோ, சங்கிலிப் பறிப்போ, போதைப்பொருள் வழக்கோ செய்தியில் வந்துவிட்டால் போதும். நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். "இவனையெல்லாம் தூக்குல போடணும்." "அந்தக் காலத்துல பயம் இருந்துச்சு, இப்ப யாருக்கு பயம் இருக்கு?" "சட்டம் இளகிப் போச்சு, அதான் இப்படி." பெரியவர்கள் மட்டும்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நம் வயதுப் பிள்ளைகளும் இதையேதான் எழுதுகிறார்கள்.

இதைப் 'பழமைவாதம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயமில்லை. போதைக்கு மகனைப் பறிகொடுத்த அம்மாவும், கோயிலுக்குப் போகும் வழியில் தாலியைப் பறிகொடுத்த அக்காவும் கடுமையான தண்டனை கேட்கும்போது அதற்குப் பின்னால் உண்மையான வலி இருக்கிறது. செய்த வினைக்கு ஒருவன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த விஷயம். கொல்லாமைக்குத் தனி அதிகாரம் எழுதிய வள்ளுவரே, செங்கோன்மை அதிகாரத்தில் கொடிய கொலைகாரர்களை அரசன் தண்டிப்பதைப் பயிர் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறார். ஆக, தண்டனையே கூடாது என்பது நம் மரபு இல்லை.

அப்படியானால், தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு நீதி என்று அர்த்தமா? இதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1983 முதல் மலேசியாவில் போதைப்பொருள் கடத்தல் நிரூபிக்கப்பட்டால் மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே, அதைக் கடத்துகிறவர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 'நான் கடத்தவில்லை' என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழும். அதில் அவர் தோற்றால், அவர் கும்பலின் தலைவனா, சில நூறு ரிங்கிட்டுக்குப் பையைத் தூக்கிப் போன இருபது வயதுப் பையனா என்று பார்த்துத் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வழியே இருக்கவில்லை. 2018-இல் அமலுக்கு வந்த திருத்தம் சிறு கதவு ஒன்றைத் திறந்தது. 2023 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதாவை நிறைவேற்றின. ஜூலை 4-இல் அது நடைமுறைக்கு வந்தது.

அப்போது பலர் கோபப்பட்டார்கள். "கொலைகாரனுக்கெல்லாம் மன்னிப்பா?" என்று கேட்டார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கொலைக்கும் கடத்தலுக்கும் மரண தண்டனை இன்னமும் ஏட்டில் இருக்கிறது. 'கட்டாயம்' என்ற சொல்தான் போயிருக்கிறது. நீதிபதி தூக்கு விதிக்கவில்லை என்றால் கொலைக்கு 30 முதல் 40 ஆண்டுகள் வரை சிறை, கடத்தலுக்கு ஆயுள் சிறை, ஆண்களுக்குக் குறைந்தது 12 பிரம்படி. இருபது வயதில் உள்ளே போகிறவனின் இளமை முழுவதும் அங்கேயே கழிந்துவிடும். இதை யாராவது சலுகை என்று சொல்ல முடியுமா?

மாறியது ஒன்றுதான். ஆளையும் சூழ்நிலையையும் ஆராய்ந்து எடை போடும் வேலை நீதிபதியின் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. இதுவும் நம் மரபுதான். அதே திருக்குறளில் வெருவந்த செய்யாமை என்றொரு அதிகாரம் உண்டு. தக்கபடி ஆராய்ந்து, அந்தக் குற்றம் மறுபடி நடக்காதபடி, குற்றத்துக்குப் பொருத்தமாகத் தண்டிப்பவனே வேந்தன் என்று அது தொடங்குகிறது. அடுத்த குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓங்கும்போது கடுமை வேண்டுமாம், அடிக்கும்போது மென்மை வேண்டுமாம். அரசன் குடிகளை அச்சுறுத்தி ஆளக்கூடாது என்பதற்காகவே வள்ளுவர் பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். நாமோ "பயம் வேணும்" என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு "ஆராயணும்" என்ற பாதியை விட்டுவிடுகிறோம்.

ஆராயாமல் தண்டித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரம் இருக்கிறது. பாண்டியன் கொடுங்கோலன் இல்லை. திருடனைத் தண்டிக்க வேண்டும் என்று நினைத்ததும் அவன் தவறில்லை. பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, கோவலனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஆணையிட்டதுதான் தவறு. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று முன்னமே உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு உயிர் தப்பியிருக்கும்.

இது கதைதானே என்று கடந்து போகாதீர்கள். 2022 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரு மலேசியத் தமிழர் தூக்கிலிடப்பட்டார். 2009-இல் சுமார் 43 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவ மதிப்பீடு ஒன்று சொன்னது. தான் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. யார் சொன்னது சரி என்று நாம் தொடர்ந்து விவாதிக்கலாம். ஆனால் நாளைக்கே ஒரு புதிய உண்மை வெளிவந்தாலும் அந்த உயிரைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

"எங்க மனுநீதிச் சோழன் இருந்த மரபுய்யா இது" என்று சிலர் சொல்வதுண்டு. சொல்லட்டும். கன்றைக் கொன்ற தேரின் காலில் அவன் போட்டது யாரை? அடுத்த வீட்டுப் பையனையா? தன் சொந்த மகனை. அந்தக் கதையின் உயிர் தண்டனையின் கொடுமையில் இல்லை, ஊருக்கும் வீட்டுக்கும் ஒரே தராசு வைத்ததில் இருக்கிறது. நம் பேச்சில் அந்தத் தராசு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வீட்டுப் பையன் குண்டர் கும்பலில் சேர்ந்தால் "வளர்ப்பு சரியில்ல" என்கிறோம். நம்ம வீட்டுப் பையன் பிடிபட்டால் "அவன் நல்லவன்தான், கூட்டாளிங்க கெடுத்துட்டாங்க" என்கிறோம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கதை முடிவில் திருவாரூர் இறைவன் எழுந்தருளி மகனையும் கன்றையும் உயிரோடு எழுப்பித் தந்தார். நம் நீதிமன்றங்களில் அப்படி யாரும் எழுந்தருளுவதில்லை. அதனால்தான் மனிதர்களாகிய நாம் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும்.

ஒழுக்கம் முக்கியம் என்று நம்புகிறீர்களா? நானும் நம்புகிறேன். ஆனால் ஒழுக்கத்தைக் காக்கும் வேலையைத் தூக்குக் கயிற்றிடம் ஒப்படைத்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. சட்டம் வருவது குற்றம் நடந்த பிறகு. அதற்கு முன்னால் வர வேண்டியது நாம். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு மாமாக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் தம்பியிடம் முதலில் யார் பேசுகிறார்கள்? "ஒரு பார்சலக் கொண்டு போய்க் குடுத்தா ஐந்நூறு வெள்ளி" என்று சொல்கிறவன் அவனைத் தேடி வருவதற்குள் நம்மில் ஒருவர் போயாக வேண்டும். தேவார வகுப்புக்கு வராதவன், தைப்பூசத்துக்கு மட்டும் தலைகாட்டுகிறவன், அவனும் நம்ம பிள்ளைதான்.

தண்டனை முடிந்து வெளியே வருகிறவனுக்கும் இதே கேள்விதான். வினைக்கு விலை கொடுத்துவிட்டு வந்தவனை "ஜெயிலுக்குப் போனவன்" என்று கடைசிவரை ஒதுக்கினால், நாம் பேசும் கர்மத்துக்கு என்ன பொருள்? நீதிமன்றம் கணக்கை முடித்த பிறகும் நாம் முடிக்க மறுக்கிறோம். அவனுக்கு ஒரு வேலை, கோயில் திருப்பணியில் ஒரு இடம், பந்தியில் பக்கத்தில் ஒரு இலை. இதைக் கொடுக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

அடுத்த முறை குழுவில் "தூக்குல போடு" என்று யாராவது எழுதினால் சண்டைக்குப் போக வேண்டாம். "அண்ணே, அந்தப் பையன் யாரு, என்ன நடந்துச்சுன்னு முதல்ல தெரிஞ்சுக்குவோமா?" என்று மட்டும் கேளுங்கள். பாண்டியனின் சபையில் அன்று அதைக் கேட்க ஒருவர்கூட இல்லை.