சொந்த அணியே துரத்தியபோது

அணித் தலைவரை அணிக்காரனே முந்திப் போவது தப்பா? சைக்கிள் பந்தயம் பார்க்காதவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே படாது. பந்தயம்னா முந்துறதுதானே! ஆனால் மூன்று வாரம் ஓடும் ஐரோப்பியப் பந்தயங்களில் ஓர் அணியில் ஜெயிக்க வந்தவர் பெரும்பாலும் ஒருவர்தான். மற்றவர்கள் அவருக்காகக் காற்றைத் தாங்கி முன்னால் மிதிப்பவர்கள், தண்ணீர் பாட்டில் சுமப்பவர்கள். முன்சைக்கிளை ஒட்டியே ஓட்டினால் பின்னால் வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். இங்கே விசுவாசம் என்பது வெறும் உணர்ச்சி இல்லை. ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் போகும் பலம்.

ஸ்டீபன் ரோஷ் டப்ளின்காரர். பால் நிறுவனம் ஒன்றில் இயந்திர வேலை பழகியவர். தொழில்முறை வீரரான முதல் ஆண்டிலேயே, 1981-ல், பாரிஸ்–நீஸ் பந்தயத்தை வென்றார். 1986 முழங்கால் காயத்தில் போயிற்று. 1987-ல் அவருக்கு வயது 27, அணி இத்தாலியின் கரேரா. அதே அணியில் ரொபெர்த்தோ விசென்தீனியும் இருந்தார். முந்தைய ஆண்டு ஜிரோ தி இத்தாலியாவை வென்றவர், இத்தாலியர்.

அந்த ஆண்டு ஜிரோவில் தலைவருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி முதலில் ரோஷிடம் இருந்தது. சான் மரினோ தனிநபர் நேர ஓட்டத்தில் விசென்தீனி அதைப் பறித்து, இரண்டரை நிமிடத்துக்கு மேல் முன்னே போய்விட்டார். அணிக்கு விஷயம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 6 அன்று, சப்பாடாவுக்குப் போகும் வழியில் ஒரு மலை இறக்கத்தில் ரோஷ் பிய்த்துக்கொண்டு போனார். அணி இயக்குநர் நிறுத்தச் சொன்னார். ரோஷ் நிற்கவில்லை. கரேரா தன் ஆட்களை வைத்தே தன் ஆளைத் துரத்தியது. துரத்தாமல் ரோஷ் பக்கம் நின்றவர் ஒரே ஒருவர், பெல்ஜியத்தின் எடி ஸ்கெப்பர்ஸ். விசென்தீனி ஏற்றங்களில் உடைந்துபோனார். அன்று மாலை ஜெர்சி ரோஷிடம்.

ரோஷின் நியாயம் இது: ஜூலையில் டூர் தெ பிரான்ஸில் விசென்தீனி தனக்காக உழைக்கப்போவதில்லை, அப்புறம் தான் மட்டும் ஏன் உழைக்க வேண்டும்? ஒப்பந்தம்னா ரெண்டு கை வேணும். இதை நான் பாதி ஏற்கிறேன். ஆனால் இதைச் சொல்ல வேண்டிய இடம் முந்தைய இரவுச் சாப்பாட்டு மேசை. அங்கே சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள். ஆக, சொல்லாமல் இருந்ததால்தான் காரியம் நடந்தது. உறுத்துவது இந்த இடம்தான்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் ‘அற அதிர்ஷ்டம்’ என்ற கருத்தை விளக்க, குடும்பத்தை விட்டு ஓவியம் தீட்டப் போன கொகானை உதாரணமாக எடுத்தார். அவன் செய்தது சரியா என்பது ஓவியம் தேறுவதைப் பொறுத்தே இருக்கிறது. தேறினாலும் கைவிடப்பட்டவர்களின் புகார் அழிவதில்லை. எங்கள் மென்பொருள் தொழிலிலும் இதைப் பார்க்கலாம். யாரையும் கேட்காமல் ராத்திரியில் ஒருவன் நிரலை மாற்றி வைக்கிறான். ஓடினால் முனைப்பு, விழுந்தால் ஒழுங்கீனம். செய்தது ஒன்றுதான்.

ரோஷுக்கு ஓடியது. ஜிரோ, டூர், பிறகு உலகச் சாம்பியன் பட்டம், மூன்றும் ஒரே ஆண்டில். அவருக்கு முன் அதைச் செய்த ஆண் வீரர் எடி மெர்க்ஸ் (1974) மட்டும். பின்னால் பொகாச்சார் (2024). இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு சப்பாடாவைத் துரோகம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழுவதில்லை. விசென்தீனி அப்புறம் ஜிரோ எதையும் ஜெயிக்கவில்லை.

எனக்கு ஸ்கெப்பர்ஸ்தான் முக்கியம். செஞ்சோற்றுக்கடன் கணக்குப்படி அவர் கரேராவுக்குக் கடன்பட்டவர். ஜெர்சி அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. ரோஷ் தோற்றிருந்தால் வேலை போயிருக்கலாம். முடிவை வைத்து அவரை எடைபோட முடியாது. ரோஷ் அன்று பின்தங்கியிருந்தாலும் ஸ்கெப்பர்ஸ் செய்தது அதேதான், அதே அளவுக்குச் சரி அல்லது தப்பு. நான் சரி என்பேன், காரணத்தை முழுசாகச் சொல்லத் தெரியாவிட்டாலும்.

அடுத்த நாட்களில் இத்தாலிய ரசிகர்கள் சாலையோரம் நின்று ரோஷ்மேல் துப்பினார்கள். அவருக்கு ஒரு பக்கம் ஸ்கெப்பர்ஸ் அரணாக ஓட்டினார். மறுபக்கம் எதிரணியான பானசோனிக்கின் ஸ்காட்லாந்து வீரர் ஒருவர். 1988-ல் ரோஷ் ஃபாகோர் அணிக்கு மாறினார். ஸ்கெப்பர்ஸும் கூடவே போனார்.