வீடு மாறலாம், விலாசம் மட்டும் மாறலாமா?

இலங்கையில் 1945-ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பாடசாலைகளில் கல்வி இலவசம். கட்டணம் இல்லை, ஆனால், பெயர்பெற்ற பாடசாலைகளில் இடம் எளிதில் கிடைப்பதுமில்லை. முதலாம் வகுப்புச் சேர்க்கையில், பாடசாலைக்கு அண்மையில் குடியிருப்போருக்கென ஒரு பெரும் பங்கு உண்டு. வாக்காளர் இடாப்பில் ஐந்தாண்டுகளாகப் பெயர் இருக்கிறதா, வீட்டு உறுதி யார் பெயரில் உள்ளது, இதைவிட அருகில் வேறு அரசாங்கப் பாடசாலை உண்டா என்றெல்லாம் பார்த்துப் புள்ளி வழங்குகிறார்கள். ஆகவே, பிள்ளை பிறந்ததுமே வீடு தேடத் தொடங்கும் பெற்றோர் நம்மிடையே பலர்.

இது கூடுமா, கூடாதா?

மெய்யாகவே குடிபெயர்வதில் நாம் குற்றம் காண மாட்டோம். இல்மைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்றவர்களின் வழிவந்தோர் நாம். பிள்ளைக்காகச் சொந்த வீட்டை விட்டு, ஒற்றை அறையில் ஒடுங்கி வாழும் வாப்பாவும் உம்மாவும் போற்றுதலுக்குரியவர்களே.

ஆனால், ஆள் போகாமல் விலாசம் மட்டும் குடிபோவது வேறு விஷயம். உறவினர் வீட்டில் பெயரைப் பதிந்துவிட்டு, அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மாத்திரம் நான்கு பாய்களோடு அங்கே போய் அமர்கிறார்கள். "எங்கே இருக்கிறீங்க, மகன்?" என்று கேட்டால் சொல்லவேண்டிய பதிலை ஐந்து வயதுப் பாலகனுக்கு மனனம் செய்விக்கிறார்கள். எழுத்துப் படிக்குமுன் அந்தப் பிள்ளை படித்த முதற்பாடம் பொய்யல்லவா?

"பணமுள்ளவன் பாடசாலைக்கருகே வீடு வாங்குகிறான், இல்லாதவன் என்ன செய்வது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் சற்றுச் சிந்தியுங்கள். நமது பொய்யினால் பணக்காரனின் இடம் பறிபோவதில்லை. அவனிடம் உறுதி இருக்கிறது, புள்ளியும் இருக்கிறது. அதே தெருவில் வாடகைக் குடியிருந்து, பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைதான் வெளியே தள்ளப்படுகிறது. ஏழை என்று சொல்லி ஏழையின் இடத்தையே எடுத்துக்கொள்கிறோம்!

அடியானின் ஹக்கை அந்த அடியான் மன்னித்தாக வேண்டும் என்பது நாம் அறிந்ததே. பெயரும் தெரியாத, முகமும் தெரியாத ஒரு பிள்ளையிடம் எங்கே போய் மன்னிப்புக் கேட்போம்?

குடிபெயர இயலாதவர்கள் அருகிலுள்ள பாடசாலையிலேயே பிள்ளையைச் சேர்க்கட்டும். பொய்ப் பத்திரங்களுக்காக அலையும் அலைச்சலில் பாதியை அப்பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் செலவிட்டால், நம் பிள்ளையோடு அண்டை வீட்டுப் பிள்ளையும் பயன்பெறும்.

நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை ஹலாலான வழியில் தேடித்தரும் உறுதியை நமக்கும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.