பிணியுற்ற பிள்ளையும் அயலவர் கடமையும்

பிள்ளைப்பேறு இறைவன் தரும் பெரும் பேறு. அந்தப் பிள்ளை கொடிய நோயில் விழும்போது பெற்றோர் படும் துயருக்கு உவமை கூற இயலாது. அவ்வேளையில் அயலவராகிய நாம் செய்யத்தக்கது எது, சொல்லத்தகாதது எது என்பது அடியார் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

பிள்ளைக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டதும் "எந்தப் பிறப்பில் செய்த வினையோ" என்று சொல்லிவிடுகின்றோம். "சாதகம் பார்த்தீர்களா?", "நேர்த்தி ஏதும் தவறிவிட்டதா?" என்றும் கேட்கின்றோம். கெட்ட எண்ணத்தோடு யாரும் கேட்பதில்லை. ஆயினும் இரவிரவாகக் கட்டிலருகே விழித்திருந்த தாயின் காதில் அது "உன்னால்தான் வந்தது" என்றே விழும்.

அப்படியானால் வினைக் கொள்கை பொய்யா? இல்லை. அது நம் சமயத்தின் அடிப்படை. ஆனால் பிறருடைய வினையை அளக்கும் கோல் நம் கையில் தரப்படவில்லை. அருளாளர்கள் காட்டிய வழியும் அதுவன்று.

கொல்லிமழவன் என்னும் தலைவனின் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. செய்த வைத்தியங்கள் பலிக்காமற் போகவே, அவன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்து இறைவன் சந்நிதியிற் கிடத்தினான் என்று பெரியபுராணம் கூறும். அங்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர் தகப்பனிடம் வினைக்கணக்குக் கேட்கவில்லை. இந்தப் பெண்ணை வாட்டுவது உமக்குத் தகுமா என்று இறைவனிடமே முறையிட்டுப் பாடினார். நோயும் நீங்கியது.

பின்னர் திருக்கொடிமாடச் செங்குன்றூரிலே அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது திருநீலகண்டப் பதிகம் பாடினார். வினையால் வந்தது என்று அறிந்திருந்தும், உய்யும் வழியை நாடாதிருப்பது குறையே என்பது அதிலே அவர் உணர்த்தும் கருத்து. ஆகவே வினையைக் காரணங்காட்டிக் கைகட்டி நிற்பது சைவமாகாது. துயருற்றவர் பக்கம் நிற்பதே சைவம்.

நமது தெல்லிப்பழைக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. முன்னர் வடபகுதிப் புற்றுநோயாளர் பலர் 400 கிலோமீற்றர் வரை பிரயாணஞ்செய்து மகரகமவுக்குப் போகவேண்டியிருந்தது. 2011 ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து நிதி திரட்டினார்கள். அந்நிதியைக் கொண்டு கட்டப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் நம் ஊரிலே திறக்கப்பட்டது. நடந்தவர்களுக்கு நம் நோயாளரின் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. நாம் நடக்கவேண்டியதோ ஓர் ஒழுங்கை தூரந்தான்.

பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை சிகிச்சை நடக்கும். முதற்கிழமை வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். ஆறாம் மாதம் படலையைத் திறக்க ஆளிராது. ஆறாம் மாதம் போகிறவரே உண்மையான சுற்றத்தவர்.

"ஏதும் தேவையென்றால் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் கேட்கமாட்டார்கள். மானமுள்ளவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும் என்று நாமே சொல்லவேண்டும். மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிச் செல்லலாம். ஒரு பகல் வைத்தியசாலையிலே துணையிருந்து தாயைத் தூங்கவைக்கலாம். இரத்ததானம் செய்யலாம். எழுத்து வேலை தெரிந்தவர்கள் ஜனாதிபதி நிதிய மருத்துவ உதவிக்கான விண்ணப்பத்தை நிரப்பிப் பிரதேச செயலகம் வரை கூடச் செல்லலாம். பணம் கொடுப்பவர் பிறர் அறியாமற் கொடுக்கவேண்டும்.

இச்சிகிச்சை பெறும் பிள்ளையின் உடலில் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் வாசலோடு நின்று சுகம் விசாரித்துத் திரும்புவதே அன்பாகும். தேர், தீர்த்தத்துக்கு அவர்கள் வரவில்லையே என்று குறை பேசலாகாது. அர்ச்சனை செய்து விபூதியை நாம் கொண்டுபோய்க் கொடுப்போம். அந்தத் தாய்க்கு இன்று கட்டிலருகுதான் சந்நிதி. பிள்ளைக்குப் பருக்கும் கஞ்சிதான் நைவேத்தியம்.

ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்திலே தாயாக விளங்கிய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் வாழ்ந்த மண் இது. பூசைக்கும் திருப்பணிக்கும் அள்ளிக் கொடுக்கும் அடியார்கள், ஆலய வீதியிலே கண்ணீரோடு நிற்கும் பெற்றோரையும் அம்பாள் நம்மிடம் ஒப்படைத்த திருப்பணியாகக் கருதவேண்டும். நோயைத் தீர்ப்பது வைத்தியர் கையிலும் அம்பாள் அருளிலும் உள்ளது. பெற்றோரின் தனிமையைத் தீர்ப்பது நம் கையில் உள்ளது.

பிணியுற்ற குழந்தைகள் யாவரும் நலம்பெற அன்னையின் பாதாரவிந்தங்களைப் பணிவோமாக.