தபீத்தாள் எடுத்த அளவு

(பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆகமன காலக் கூடுகையில் வழங்கிய செய்தி)



மேஜைமேல் நிற்கிற கிறிஸ்துமஸ் மரத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். சவுக்குக் கொம்பை வெட்டிவந்து நட்டுத்தான் நமக்குப் பழக்கம். இந்த வருஷம் துணியிலே மரம். பச்சை வாயில், பழைய பட்டு ஜாக்கெட்டின் முதுகு, டெய்லர் கடையில் பெருக்கித் தள்ளுகிற வெட்டுத்துணி எல்லாவற்றையும் முக்கோணமாக மடித்து, அட்டைக் கூம்பின்மேல் வரிசை வரிசையாகத் தைத்திருக்கிறீர்கள். கீழிருந்துதான் தொடங்க வேண்டுமாம். மேல் வரிசை கீழ் வரிசையின் தையலை மூடிக்கொண்டே போகும். அடியில் மணல் பை, இல்லாவிட்டால் ஃபேன் காற்றுக்கே சாய்ந்துவிடும். பெத்லகேமில் இப்படி மரம் நிற்கவில்லை, இது ஜெர்மனியிலிருந்து வந்த வழக்கம் என்று யாராவது சொன்னால், ஆமென் சொல்லிவிட்டு, மரத்தை ஏலம் விடும்போது கைதூக்கச் சொல்லுங்கள். ஏலப் பணத்தில் நம் சேகரத்து விதவைகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை.

ஊசி நூலால் தர்மம் செய்வது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்போடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. விரற்கடை நீளம் வருவதற்குள் கண் பூத்துப்போகும். அது விற்ற பணம் பெண்பள்ளிக்குப் போனது. அடிமைகளாயிருந்த பெண்களில் சிலர் தாங்கள் பின்னிச் சம்பாதித்த கூலியாலேயே தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-இல்தான். மார்த்தாவின் மகள் எலைசா இடையன்குடி மிஷனரி கால்டுவெல் ஐயரை 1844-இல் மணந்து அங்கே போனார்; லேஸும் அவரோடு போனது. அந்த லேஸில் பின்னியவள் யார், பலன் பெற்றவள் யார் என்று பிரிக்க முடியாது. நம் மரம் அப்படியில்லை. தைத்தது நாம், வாங்கப்போகிறவர் வசதியுள்ளவர், சீருடை போடப்போகிற பிள்ளை இந்த அறையிலேயே இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

இந்த உறுத்தலோடு அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளைப் பாருங்கள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. செத்துப் பிழைத்து எழுந்து உட்கார்ந்த பிறகும் என்ன பேசினாள் என்று எழுதவில்லை. அவளுக்காகப் பேசினது துணி. பேதுரு லித்தாவிலிருந்து வந்து மேல்வீட்டில் ஏறினதும், விதவைகள் அழுதுகொண்டே அவள் செய்துகொடுத்த உடுப்புகளைக் காட்டுகிறார்கள். எவ்வளவு காசு கொடுத்தாள் என்று ஒருத்தியும் சொன்னதாக இல்லை. அவர்களோடு கூட இருந்த நாளில் செய்த உடுப்புகள் என்றும் எழுதியிருக்கிறது. நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.

அந்தக் காலத்து அங்கி நம் ஜாக்கெட் மாதிரி உடம்போடு ஒட்டித் தைக்கிறதல்ல, தெரியும். ஆனாலும் கிழவிக்கும் குமரிக்கும் ஒரே நீளத்தில் தைக்க முடியுமா? கூன் விழுந்தவளுக்கு முன்பக்கம் தரையில் இழுபடும். அளவு பார்க்க வேண்டும், அதற்கு அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். புருஷன் போன பிறகு அந்தப் பெண்ணின் தோளை வேறு யார் தொட்டிருப்பார்கள்?

ஏலம் முடிந்ததும் பணத்தைக் கொண்டுபோய் மொத்தக் கடையில் 28, 30, 32 என்று சைஸ் சொல்லி வாங்கிவிடலாம், ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும். வேண்டாம் என்கிறேன். துணியாக எடுப்போம். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிலேயே மெஷின் மிதிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். தையலை அவர்களிடமே கொடுத்து, டெய்லர் கடை ரேட்டில் கூலியும் கொடுப்போம். நாகர்கோவில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது இவர்களுக்கும் கிடைக்கட்டும். அளவு எடுக்க மட்டும் நாம் போவோம். வீட்டுக்கு இரண்டு பேர், கையில் இஞ்சு டேப். போட்டோ எடுக்க வேண்டாம். காப்பி கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். அப்புறம், வளருகிற பிள்ளைகள். கீழ் மடிப்புக்கு நாலு விரல் துணி கூடுதலாகக் கணக்குப் போடுங்கள்.