பசையும் மூச்சும்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கண்டி நகரில் சப்பாத்துகளின் அடிப்பாகம் வாய்பிளக்கத் தொடங்கும். பேராதனைக்கு பஸ் பிடிக்க ஓடும் மாணவனும், பாடசாலைக்கு விரையும் ஆசிரியரும், நடைபாதையோரம் அமர்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "இது உறுதியாக ஒட்டுமா?" நியாயமான கேள்விதான். புதியது வாங்க இயலாதவர் பழையதன் ஆயுளை நீட்டித்தானே ஆகவேண்டும்? ஆனால், அந்தக் கேள்வியோடு நம் சிந்தனை நின்றுவிடலாமா?

உறுதி எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் அறிவோம். நொடியில் இறுகும் சுப்பர் குளூ உடைந்த பீங்கானுக்குப் பொருந்தும். நடக்கையில் ஓயாது வளையும் சப்பாத்தில் அது வெடித்துப் பிரியும். இரு கலவைகளைச் சேர்த்துப் பூசும் எப்பொக்சி, பித்தளைக்கும் கல்லுக்கும் ஏற்றது. கடதாசிக்கும் மரத்துக்கும் வெள்ளைப் பசை போதும்; ஈரம் பட்டால் அது தளரும். சப்பாத்துக்கு வேண்டியது வளைந்துகொடுக்கும் இறப்பர்ப் பசை. அதையும், பழைய பசையைச் சுரண்டி நீக்கி, இரு பரப்புகளையும் சொரசொரப்பாகத் தேய்த்து, இரண்டிலும் மெல்லியதாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் உலரவிட்டு, பின்னர் அழுத்தி அடித்தால்தான் பிடிக்கும். ஆகவே, உறுதியின் பெரும்பகுதி தகரப் பேணியில் இல்லை. தொழிலாளியின் கையிலே இருக்கிறது.

உலரவிடும் அந்த நேரத்தில் நிகழ்வது என்ன? பசையை இளக்கி வைத்திருந்த கரைப்பான் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. நமக்கு அது கணநேர நெடி. குனிந்து வேலை செய்பவருக்கோ நாள்தோறும் உட்கொள்ளும் காற்று. திறந்த தெருவில் காற்றோட்டம் உண்டென்பது மெய்யே. மழைக்காகப் படங்கை இழுத்துவிடும்போது அதுவும் இல்லாமற் போகிறது.

இது வீண் அச்சமன்று. யப்பானில் வீடுகளில் இருந்து செருப்பு ஒட்டிய தொழிலாளர்கள் பென்சீன் கலந்த பசையால் இரத்த நோய்க்கு ஆளாயினர். 1959இல் அரசு அப்பசையைத் தடைசெய்தது. அதனிடத்தைப் பிடித்த ஹெக்சேன், 1960களில் அதே தொழில் செய்தோரின் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்தது. இஸ்தான்புல் நகரச் சப்பாத்துத் தொழிலாளரிடையே பென்சீன் விளைத்த இரத்தப் புற்றுநோயை மருத்துவர் முசாபர் அக்சோய் 1974இல் ஆய்ந்து வெளியிட்டார். ஒரு நஞ்சு போய் மறு நஞ்சு வந்ததேன்? விலையையும் உலரும் வேகத்தையும் கணக்கிட்டவர்கள், அதைச் சுவாசிப்பவரைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

அப்படியானால் "தீங்கற்ற பசையைப் பாவியுங்கள்" என்று தொழிலாளிக்கு உபதேசிப்பதா? நீரில் கலந்த பசைகள் உண்டு. அவை மெதுவாகவே உலரும். "பஸ் போய்விடும், சீக்கிரம்" என்று நாமே அவசரப்படுத்திவிட்டு, கூலியிலும் பேரம் பேசிவிட்டு, பசையைத் தெரிவுசெய்தவர் அவரே என்று கைகழுவுவது எவ்வகை அறம்? தெரிவு அவருடையதாகத் தோன்றுகிறது. அதை நிர்ணயிப்பவை நமது அவசரமும் அவரது வறுமையுமே.

காலையில் கொடுத்து மாலையில் வாங்கலாம். தையல் போதுமான இடத்தில் தையலையே கேட்கலாம். கேட்ட கூலியைக் கொடுக்கலாம். ஆயினும் தனிமனிதரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆலைகளை மனத்திற்கொண்டு எழுந்தது; தெருவோரத்தில் தனித்திருந்து உழைப்பவர் அதன் பார்வைக்கு வெளியே நிற்கிறார். பேணியில் என்ன கரைப்பான் உள்ளதென்று சிங்களத்திலும் தமிழிலும் தெளிவாக எழுதச் செய்வதும், காற்றோட்டமுள்ள இடத்தை அவருக்கு ஒதுக்குவதும், நஞ்சு குறைந்த பசையை அவர் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கச் செய்வதும் பொதுப் பொறுப்பு; கருணையின் பெயரால் இடும் பிச்சையன்று.

"உறுதியாக ஒட்டுமா?" என்று கேட்கும் நாம், "இதை ஒட்டுபவரின் மூச்சுக்குக் கேடில்லையா?" என்றும் கேட்கப் பழக வேண்டும். முதற் கேள்விக்குத் தொழிலாளி விடை சொல்வார். இரண்டாவதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் நாம்.